கையிருப்பு

கோரத்துக்கு ஏழு பேர் வேண்டும்.
ஐந்து பேர் இருந்தோம்.
மீதி இருவர் நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
நெல்மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்
இஞ்சின் மாற்றிக்கொண்டு நகரும் வரை
வண்டியை அணைத்துவிட்டு நிற்கிறார்கள்.
செயலாளர் நிஜாமுதீன் போனில் சொன்னார்:
"நாற்பத்திரண்டு பெட்டி. எண்ணிட்டேன்."
தாவரவியல்காரர், முத்துப்பேட்டை.
அலையாத்தி வேர்களையே எண்ணியவர்.

தலைவர் தையல்நாயகி
ஆய்வக மேசையில் பியூரெட் ஸ்டாண்டுகளை ஓரம் தள்ளி
தீர்மான நோட்டை விரித்து வைத்திருந்தார்.
பதினோரு வருடமாக அவர்தான்.
ஒவ்வொரு முறையும் 'போட்டியின்றி'.
வேறு யாருக்கும் வேண்டாம் என்பதற்கு
எங்கள் விதிமுறையில் உள்ள சொல் அது.

நான் பொருளாளர்.
என் கணக்கில் ஒரு வரிதான் வருடாவருடம் இடறும்:
கிரகணக் கண்ணாடி, கையிருப்பு, முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஐந்நூறு வாங்கினோம், ஒன்று பதினெட்டு ரூபாய்.
எட்டுப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை போனது.
பெற்றோர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.
தலைமையாசிரியர்கள் உள்ளூர் விடுமுறை விட்டார்கள்.
போதாததற்கு
மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து
மைதானத்துக்கு மேல் உட்கார்ந்துகொண்டது.
வந்த பிள்ளைகள் கண்ணாடி போட்டு
மேகத்தைப் பார்த்தார்கள்.

கிரகணம் உச்சத்தில் இருக்கும்போது
நிர்வாகிகள் எல்லார் முன்னாலும் சாப்பிடுவது என்று ஏற்பாடு.
இட்லி, சாம்பார், ஒரு வடை.
தையல்நாயகி ஒரு கையில் மைக்
மறுகையில் கரண்டி.
நிழல் என்றால் நிழல்தான், விஷமில்லை என்றார்.
எல்லார் இலையிலும் அவரே ஊற்றினார்.
அவர் இலை
வைத்தது வைத்தபடி மடிந்து
குப்பைக்கூடைக்குப் போனதை நான் பார்த்தேன்.
வீட்டில் மகளுக்கு ஏழாம் மாதம்.

'நிர்வாகிகள் அனைவரும் உண்டனர்'
என்று அறிக்கை எழுதினேன்.
எழுத்து என்னுடையது.
மை, கழகத்தினுடையது.

அந்தக் குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்பு.
சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும்.
அதற்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை.

கேட் திறந்து இருவரும் வந்தார்கள்.
கோரம் ஆயிற்று.
துணைத்தலைவர் சந்தானகோபாலன்
கண்ணாடிகளைக் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம் என்றார்.
அடுத்த கிரகணத்துக்கு நாம் இருப்போமோ மாட்டோமோ.
பதவியில், என்று திருத்திக்கொண்டார்.

அப்போதுதான் தையல்நாயகி சொன்னார்,
ஏதோ பொருள் எண் மூன்றைப் படிப்பதுபோல:
"அன்னிக்கு நான் சாப்பிடலை.
அறிக்கையைத் திருத்தணும்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
நிஜாமுதீன் சுவரில் தனிம வரிசை அட்டவணையை
ஹைட்ரஜனில் ஆரம்பித்தார்.
மின்விசிறி மட்டும் கர்க் கர்க் என்றது.
அவராகவே சொன்னார்:
"பயம்தான். வேற என்ன."
கொஞ்சம் கழித்து,
"பயம் இருந்துச்சுன்னும் எழுதுங்க. அதுவும் தகவல்தானே."

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.
'அனைவரும்' என்பதை அடித்து
'ஒருவர் நீங்கலாக' என்று எழுதினேன்.
ஓரத்தில் அவர் சுருக்கொப்பம் இட்டார்.
பயத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல்
'இதர' என்பதில் சேர்த்தேன்.

பிறகு தேர்தல்.
தலைவர்: தையல்நாயகி. போட்டியின்றி.
இந்த முறை அந்தச் சொல்லை எழுதும்போது
வேறு அர்த்தம் இருக்குமோ என்று தோன்றியது.
காபி வந்தது. விட்டுவிட்டேன்.

திரும்பும்போது கோரையாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி
அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியை உருவினேன்.
கீறல் இல்லை.
மணி நாலரை.
ஆறு, கரை, நாற்று, மடையில் நின்ற ஆள்,
எல்லாம் மறைந்து போய்
நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மட்டும்,
பித்தான் அளவு,
யாரும் கடிக்காதது.

நோட்டில் குறித்துக்கொண்டேன்:
பயன்படுத்தியது ஒன்று.
மீதி முந்நூற்றுப் பதினொன்று.